பெங்களூர்த் திட்டம்: தேர்வு எதை அளக்கிறது?

ஆங்கிலம் கற்பித்தல் குறித்த ஆய்வுகளுள் தென்னிந்தியப் பள்ளிகளில் உருவாகி உலகக் கவனம் பெற்றது, என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டமாகும். பின்னர்ச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அத்திட்டத்தை 1987இல் நூலாக்கினார். மாணவர் கவனம் பொருளில் ஊன்றும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர்தம் துணிபு. எனவே வாக்கிய அமைப்புப் பயிற்சிகள் விலக்கப்பட்டன. வரைபடம், இரயில் கால அட்டவணை முதலியவற்றைக் கொண்டு சிக்கல் தீர்க்கும் பணிகளே பாடமாயின.

இம்முயற்சியின் துணிவை நாம் போற்றுகிறோம். ஆயினும் பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு ஊன்றி நோக்கத்தக்கது. பொதுத்திறன் தேர்வுகள் சில திட்டத்திற்குச் சார்பாகவே அமைந்தன. எனினும் வாக்கிய அமைப்புத் தேர்வில் மரபுவழி வகுப்பினரும், பணிவழித் தேர்வில் திட்ட வகுப்பினரும் மேம்பட்டனர். ஒவ்வொரு முறையும் தான் பயிற்றியதையே விளைவித்தது எனலாம். மேலும், ஒப்பிடப்பட்டவை முன்பே அமைந்திருந்த வகுப்புகள். ஆதலின், முறையின் பயனையும் ஆசிரியர் ஈடுபாட்டின் பயனையும் பிரித்தறிதல் அரிது.

அனைவர்க்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை இல்லை எனப் பிரபுவே 1990இல் வாதிட்டார். எனவே ஆங்கில ஆய்வுகளின் முறைகளைத் தமிழ் வகுப்பறைக்குக் கொணரும் நாம், எம்முறை சிறந்தது என வினவுமுன், எதை அளந்து அவ்வாறு கூறினர் என வினவுதல் வேண்டும். இரட்டை வழக்குடைய தமிழுக்கு இவ்வினா இன்னும் இன்றியமையாதது. பேச்சுத் தமிழில் பணிகளைச் செய்வித்து, எழுத்துத் தமிழில் மட்டும் தேர்வு நடத்துவோமாயின், விளையும் குறை மாணவருடையது ஆகாது.