கனமான பூட்டு

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கொடைரோட்டுக்கு வருகிறவர்கள் இல்லை. கொடைக்கானல் போகிறவர்கள். விடிவதற்கு முன்பே பாண்டியன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, வேன்காரரிடம் பேரம் பேசி மலைக்குப் போய்விடுவார்கள். ஊரின் பெயரே இன்னொரு ஊருக்குப் போகிற வழி என்றுதான் சொல்கிறது.

போன தடவை நான் அங்கே இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவராம். இப்போது மகள் வீட்டோடு இங்கே இருக்கிறார். எதிர்ச் சுவரில் பாதி அழிந்த தேர்தல் விளம்பரம் ஒன்று இருந்ததால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

"மொத ஓட்டு யாருக்குய்யா போட்டீங்க?"

"எம்.ஜி.ஆருக்கு. எழுபத்திமூணுல."

"அந்த எலெக்‌ஷன்ல எம்.ஜி.ஆர். நிக்கலையே? மாயத்தேவர்தானே நின்னாரு?"

"நின்னது மாயத்தேவரு. ஓட்டு எம்.ஜி.ஆருக்கு. இதுகூடத் தெரியாமயா பத்திரிகையில எழுதுறீங்க தம்பி?"

அசடு வழிந்தேன். அவர் சொன்னதுதான் சரித்திரம். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அதே மாதம் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். கட்சிக்கு ஏழு மாதம்தான் வயது. சின்னம் புதுசு, இரட்டை இலை. வக்கீல் மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாம் இடம். ஆளும் தி.மு.க. மூன்றாம் இடம்! ஓட்டுப் பதிவுக்குச் சில நாட்கள் முன்னால், மே 11-ம் தேதி, 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸாகியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அவரோட கொள்கை என்னன்னு பாத்துத்தான் போட்டீங்களா?" என்று விடாமல் கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "பூட்டு வாங்க வர்றவன் உள்ள எத்தனை லீவர் இருக்குன்னு பிரிச்சா பாக்கான்? கையில வாங்கித் தூக்கிப் பாப்பான். கனமா இருந்தா எடுத்துக்குவான். அம்புட்டுத்தான்."

உங்களுக்கு இப்போது ஒரு ஏளனச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது. 'இந்த ஜனங்களே இப்படித்தான், ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்' என்று. சரி, படித்தவர்களாகிய நாம் கடைசியாக எந்தத் தேர்தல் அறிக்கையை முழுசாகப் படித்தோம்? 2006-ல் இரண்டு ரூபாய் அரிசி, கலர் டி.வி. என்று தி.மு.க. அறிக்கை பிரபலமானபோது, அதைத் 'தேர்தலின் கதாநாயகன்' என்று வர்ணித்தார்கள். ஒரு காகிதத்துக்குக்கூட ஹீரோ வேஷம் கட்டினால்தான் நமக்குப் புரிகிறது.

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் டோடோரோவ் என்கிற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்து 2005-ல் வெளியிட்டார்கள். செனட் தேர்தலில் மோதிய இரண்டு வேட்பாளர்களின் போட்டோக்களை ஒரு விநாடி மட்டும் காட்டி, 'இவர்களில் யார் திறமைசாலி?' என்று கேட்டார்கள். பெயர், கட்சி எதுவும் சொல்லவில்லை. பத்துக்கு ஏழு தொகுதிகளில், திறமைசாலி என்று கைகாட்டப்பட்ட முகம்தான் தேர்தலிலும் ஜெயித்திருந்தது. அவர்களும் பூட்டைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கொள்கை என்பது எதிர்காலத்துக்கான வாக்குறுதி. அதை இன்றைக்கே சோதித்துப் பார்க்க ஓட்டுப் போடுகிறவரிடம் எந்தக் கருவியும் கிடையாது. ஆளைத்தான் எடைபோட முடியும். 'சொன்னதைச் செய்கிற தைரியம் இவருக்கு உண்டா? தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் இவர் பேச்சைக் கேட்பார்களா?' கொள்கை என்று எம்.ஜி.ஆர். பிறகு சொன்ன 'அண்ணாயிசம்', முதலாளித்துவம், கம்யூனிசம், சோஷலிசம் மூன்றையும் ஒரே மிக்ஸியில் போட்டு அடித்த சங்கதி. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால், கட்சியிடம் கணக்குக் கேட்டதால்தான் அவரை வெளியேற்றினார்கள் என்பது பட்டிதொட்டியெல்லாம் தெரிந்திருந்தது. கணக்குக் கேட்கிற துணிச்சல். அதுதான் 1973-ல் ஜனங்கள் கையில் கனத்தது.

அந்தக் கனத்தால் பலனும் இருந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது 'பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்டவர்கள் உண்டு. முதல்வர் பிடிவாதமாக நின்றார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் ஜனங்கள் கொள்கையைப் பார்ப்பதே இல்லையா? பார்க்கிறார்கள், வீட்டு வாசலுக்கு வந்தால்! பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு உச்சவரம்பு விதித்தது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது இரண்டே இடங்கள். திண்டுக்கல்லும் கைவிட்டுப் போனது. ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே மாயத்தேவர், இந்த முறை தி.மு.க. வேட்பாளராக! எம்.ஜி.ஆர். அந்த உச்சவரம்பை வாபஸ் வாங்கி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவிகிதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார். அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டு அதே வருஷம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜனங்கள் அவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். எத்தனை பெரிய ஆளையும் வளைக்க முடியும் என்று திண்டுக்கல்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து காட்டிய தேர்தல் அது.

கொடைரோட்டுக்குப் பக்கத்திலேயே, நிலக்கோட்டையில், இன்னொரு உதாரணம் உண்டு. ஏ.எஸ்.பொன்னம்மாள். எளிமைக்குப் பேர்போனவர். கட்அவுட் அரசியலுக்கு ரொம்ப தூரம். அந்தத் தொகுதி அவரை 1989, 1991, 1996 என்று வரிசையாக அனுப்பியது. பின்னது இரண்டும் கூட்டணி அலை என்று சொல்லலாம். 1989-ல் காங்கிரஸ் தனியாக நின்று, மாநிலம் முழுக்கத் தோற்ற தேர்தலிலும் அவர் ஜெயித்தாரே, அதை என்ன சொல்ல? பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய ஆளுக்கு ஆர்ப்பாட்டம் தேவைப்படுவதில்லை. தூரத்தில் இருப்பவர்தான் கட்அவுட் வைத்தாக வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஜனங்கள் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பதில் எனக்குப் புகார் இல்லை. ஓட்டுப் போட்டபிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் புகார். 1981-ல் சாராயக் கடைகள் திறக்கப்பட்டன. ஏழைகளின் தலைவர் என்று பேரெடுத்த ஆட்சியின் வருவாயில் கணிசமான பங்கு ஏழைகள் குடித்த சாராயத்திலிருந்து வந்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 'தி இமேஜ் ட்ராப்' என்கிற புத்தகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். புத்தகம் வந்தது 1992-ல். எம்.ஜி.ஆர். மறைந்து ஐந்து வருஷம் கழித்து! 1984 தேர்தலில் அவர் அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆண்டிப்பட்டிக்கு வராமலே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். அடுத்த ஐந்து வருஷம் அவரால் எவ்வளவு வேலை பார்க்க முடியும் என்று கேட்பதே துரோகம்போல் ஆகியிருந்தது. கணக்குக் கேட்டு வளர்ந்த கட்சியில் தலைமையிடம் கணக்குக் கேட்க ஆளில்லை. மற்ற கட்சிகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கேயும் தலைவர் வீட்டு வாசலில் குனிந்த தலைகள்தான்.

பலமான தலைவரைத் தேடுகிறவர் தனக்காக அதிகாரிகளிடம் சண்டை போட ஒரு ஆள் தேடுகிறார். தப்பில்லை. ஆனால், அந்த ஆள் நம்மிடமே முறைத்தால் யார் கேட்பது? அதைக் கேட்கத்தான் சட்டமன்றமும் பத்திரிகையும் கோர்ட்டும் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கின்றன. தலைவர் எவ்வளவு பலசாலியோ அவ்வளவு பலம் இவற்றுக்கும் வேண்டும். நாமோ ஒன்றை ஜெயிக்க வைத்துவிட்டு மற்றதை எல்லாம் தொந்தரவு என்று நினைக்கிறோம்.

பஸ் வந்துவிட்டது. எழுந்தபடி பெரியவரிடம் கேட்டேன்: "கனமான பூட்டா பாத்து வாங்கினீங்க, சரி. சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதையும் அவருகிட்டயேதான் குடுத்துட்டு வந்தோம், தம்பி."

அடுத்த தேர்தலிலும் நீங்கள் ஆளைப் பார்த்தே ஓட்டுப் போடுங்கள். பரவாயில்லை. வீட்டுக்கு வரும்போது சாவியை மட்டும் மறக்காமல் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.