ஐந்நூறு வெள்ளிக் கோடு

சிங்கப்பூரின் தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "அவனுக்கென்ன, வாரத்துல மூணு நாள் வேலை. மிச்சத்துக்கு கவர்மென்ட் இருக்கு." பேசுகிறவர் ஒருபோதும் தம்மைப் பற்றிச் சொல்வதில்லை. அந்த 'அவன்' எப்போதும் பக்கத்து புளோக்கில்தான் குடியிருப்பான். சொல்லிவிட்டு இவர் கீழே சந்தையில் அரசு தந்த சிடிசி பற்றுச்சீட்டைக் காட்டி மீன் வாங்கிக்கொண்டு போவார். 2025 ஜனவரியில் சிங்கப்பூரர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு வந்தது. வசதியுள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் தான் வாங்குவது உதவி என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குறைந்த நேரம் உழைத்துவிட்டு மீதிக்கு அரசை நம்புவது நியாயமா? வாதாடுவதற்கு முன் அரசு எவ்வளவு தருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. தொகை தெரியாமல் பேசினால் அது வம்புதான்.

குறைந்த வருமானக்காரர்களுக்கான முக்கியமான ஏற்பாடு வேலைநலன் துணை வருமானத் திட்டம். 2006இல் ஒருமுறை தரும் போனஸாகத் தொடங்கி, மறு ஆண்டே நிரந்தரமானது. வேலையில் இருந்தால்தான் பணம், குடிமக்களுக்கு மட்டுமே பணம் என்பவை இதன் அடிப்படை விதிகள். 2023இல் தகுதி வயது 35இலிருந்து 30ஆகக் குறைந்தது. 2025 ஜனவரியிலிருந்து மாத வருமான உச்சவரம்பு 3,000 வெள்ளி. அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி. 30 முதல் 34 வயது வரை உள்ளவருக்கு 2,450. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இதில் 40 விழுக்காடு மட்டும் ரொக்கமாக வரும், மீதி மத்திய சேமநிதிக்குப் போய்விடும். முப்பத்திரண்டு வயது ஊழியர் ஒருவர் அதிகபட்சத் தொகையையே வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், கைக்கு வருவது ஆண்டுக்கு 980 வெள்ளி. மாதத்துக்கு 82 வெள்ளிகூட இல்லை. சுயதொழில் செய்பவர் என்றால் ரொக்கம் பத்து விழுக்காடுதான். மற்றதெல்லாம் மெடிசேவ் கணக்கில் மருத்துவச் செலவுக்காகக் காத்திருக்கும்.

இதைக் கொண்டு சிங்கப்பூரில் யார் சும்மா இருக்க முடியும்? தனியாக வாழும் 65 வயது தாண்டிய ஒருவருக்கு அடிப்படைத் தேவைகளுக்கே மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019இல் இங் கொக் ஹோ, தியோ யூ யென் முதலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு விலைவாசி ஏறியிருக்கிறது. பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. உதவி வாங்குகிறவரும் அரிசிக்கும் சோப்புக்கும் அந்த வரியைக் கட்டுகிறார்.

ஆக, 'கவர்மென்ட் காசில் ஓட்டுகிறவன்' பெரும்பாலும் கற்பனை. ஆனாலும் அரசு அவனை நினைத்து ஒரு கோடு போட்டது. 2023 முதல், மாதம் குறைந்தது 500 வெள்ளி சம்பாதித்தால்தான் வேலைநலன் தொகை கிடைக்கும். எப்போதாவது ஒரு நாள், அரை நாள் வேலைக்குப் போகிறவர்களைத் தொடர்ச்சியான வேலைக்கு இழுப்பதே நோக்கம். உடற்குறையுள்ளோர், பராமரிப்பாளர்கள், காம்கேர் என்ற அரசு நிதியுதவியில் குறுகிய, நடுத்தர கால உதவி பெறுவோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. எனக்கு இந்தக் கோட்டின்மீது பெரிய வருத்தம் இல்லை. உடம்பில் தெம்பும் கையில் தொழிலும் உள்ள ஒருவர், வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாதபோது, வெறும் விருப்பத்தால் வேலையைச் சுருக்கிக்கொண்டால் அது அவர் உரிமை. அந்த உரிமைக்கான செலவையும் அவரே ஏற்க வேண்டும். பேருந்து ஓட்டுநரும் கழிவறை துப்புரவாளரும் கட்டும் வரியிலிருந்து அதற்கு எடுத்துக் கொடுப்பதில் நியாயமில்லை.

ஆனால் கோடு வெள்ளியில் போடப்பட்டிருக்கிறது, மணியில் அல்ல. மாதம் 1,800 வெள்ளிக்கு நாள் முழுக்கத் தட்டு கழுவுகிறவரும், வாரம் இரண்டு நாள் ஆலோசனை வேலை செய்து அதே 1,800ஐ எடுக்கும் பட்டதாரியும் இத்திட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். வீட்டின் மதிப்பு, கணவன் அல்லது மனைவியின் வருமானம் எல்லாம் பார்க்கிறார்கள்; வேலை நேரத்தைப் பார்ப்பதில்லை. அதற்காக மணியை அளந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. அங்கே 2003இல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பெற்றோர் வாரம் 16 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று இருந்தது. விளைவு, 16 மணி நேர வேலைகளாகப் பார்த்துப் பலர் சேர்ந்தார்கள். முதலாளிகளும் அப்படியே வேலைகளை வெட்டி வைத்தார்கள். எங்கே கோடு போட்டாலும் ஆட்கள் அதன் ஓரமாக வந்து நிற்பார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, கணக்குத் தெரிந்தவர்கள் செய்வது.

அந்தக் கணக்கு நம் ஊரில் வாடகை வீடுகளில் நடக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஓரறை வாடகை வீட்டில் முதன்முறை குடியேறுவோருக்கு, குடும்ப வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால் வாடகை 26 முதல் 33 வெள்ளி. 801ஐத் தொட்டால் 90 முதல் 123. நெடுங்காலமாக இருந்துவந்த ஏற்பாடு இது. 750 வெள்ளி சம்பாதிக்கும் ஒரு தாய் கூடுதலாகச் சில மணி நேரம் வேலை பார்த்து 850 ஆக்கினால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அந்த நூறு வெள்ளியில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். அவள் இல்லாத நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி அதற்குமேல். கூடுதல் நேரம் வேண்டாம் என்று அவள் சொன்னால், அது பொறுப்பில்லாத முடிவா? தியோ யூ யென் 2018இல் ஏற்றத்தாழ்வு பற்றி எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டதற்கு ஒரு காரணம், இத்தகைய வீடுகளில் வாழ்கிறவர்களின் முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் நெருக்கடிகளை வெளியே இருப்பவர்களுக்குக் காட்டியதுதான்.

இன்னொரு கணக்கு குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் இருந்தது. மாதம் 56 மணி நேரமாவது தாய் வேலை செய்தால்தான் முழு மானியம். வேலை தேட நேரம் வேண்டும். நேரத்துக்குக் குழந்தையை எங்காவது விட வேண்டும். விடுவதற்கு மானியம் வேண்டும். மானியத்துக்கு வேலை வேண்டும். பல ஆண்டுகள் இந்தச் சுழலில் பெண்கள் சுற்றினார்கள். 2024 டிசம்பரில், 6,000 வெள்ளி வரை வருமானமுள்ள குடும்பங்களில் தாய் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த வருமானத்துக்குரிய முழு மானியம் உண்டு என்று மாற்றினார்கள். நிபந்தனையைத் தளர்த்தினால் எல்லோரும் வேலையை விட்டுவிடுவார்கள் என்ற பழைய பயத்தை அரசே ஒரு படி கைவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

வேலைநலன் திட்டத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதலாளி குறைவாகக் கொடுக்கிறார், பற்றாக்குறையை அரசு நிரப்புகிறது என்றால் அந்த மானியம் யாருக்கு? ஊழியருக்கா, முதலாளிக்கா? துப்புரவு, பாதுகாப்பு, நிலவனப்புத் துறைகளில் படிப்படியாக உயரும் சம்பள முறையைக் கட்டாயமாக்கியதுதான் இதற்கு உண்மையான பதில். பாதுகாவல் அதிகாரியின் அடிமட்ட மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. 2028இல் 3,530 ஆகும். ஆண்டுக்கு 220 வெள்ளி ஏற்றம் என்பதால் 2026இல் அது 3,090ஐ எட்டுகிறது. வேலைநலன் உச்சவரம்பு 3,000இலேயே நின்றால் அவர் திட்டத்துக்கு வெளியே போய்விடுவார். ஒருவகையில் நல்லதுதான்: அரசு கொடுத்ததை இனி முதலாளி கொடுக்கிறார். ஆனால் அந்தச் சம்பளத்தை அவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் நின்று சம்பாதிக்கிறார். எட்டு மணி நேரம் போதும் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை.

வேலை போனவர்களுக்குப் பணம் கொடுப்பதையும் சிங்கப்பூர் நெடுங்காலம் தவிர்த்தே வந்தது. 2015இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் கருத்தரங்கில், பாதுகாப்பு வலை பற்றிக் கேட்ட பிபிசி நிருபரிடம் அப்போதைய துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்னம் தமக்குப் பிடித்தது 'டிராம்போலின்' என்றார். விழுந்தவரைத் தாங்கி மேலே எழுப்பிவிட வேண்டும் என்பது பொருள். 2024 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்து, 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் அந்த வழியில் வந்ததே. ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500, கடைசி மூன்று மாதம் தலா 750. மாதாமாதம் வேலை தேடியதற்குப் புள்ளிகள் காட்ட வேண்டும். சோம்பலுக்கு இடமில்லாத நேர்த்தியான வடிவமைப்பு. ஓட்டை ஒன்று உண்டு: தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. படுத்த படுக்கையான தாயைப் பார்க்க ராஜினாமா செய்த மகள் இதன் கணக்கில் தானாக விட்டவள்.

இனி, யாரும் உதவித்தொகை என்று சொல்லாத ஓர் உதவித்தொகையைப் பார்ப்போம். இல்லப் பணிப்பெண் வைத்தால் அரசுக்கு மாதம் 300 வெள்ளி லெவி (தீர்வை) கட்ட வேண்டும். வீட்டில் 16 வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளையோ 67 வயதோ அதற்கு மேலோ ஆன முதியவரோ இருந்தால் லெவி 60 வெள்ளிதான். சலுகை மாதம் 240, ஆண்டுக்கு 2,880 வெள்ளி. முப்பத்திரண்டு வயது வேலைநலன் ஊழியர் சேமநிதியையும் சேர்த்து அதிகபட்சமாகப் பெறும் 2,450ஐ விட இது கூடுதல். இந்தச் சலுகைக்கு வருமான வரம்பும் இல்லை, வேலை நேரக் கணக்கும் இல்லை. வசதியுள்ள வீடு தன் பராமரிப்பு வேலையை இன்னொரு நாட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு முழுநேரம் வேலைக்குப் போகிறது, அரசு கைகொடுக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பெண் அதே வேலையைத் தானே செய்வதற்காகத் தன் சம்பள நேரத்தைக் குறைக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் 'கவர்மென்ட் காசு' என்கிறோம். நிரந்தர உடற்குறையுள்ளோரைப் பார்ப்பவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் இருப்பது உண்மை. ஆனால் சாதாரணக் குழந்தை வளர்ப்பும், தளர்ந்துபோன முதியவரைத் தாங்குவதும் அதில் அடங்காது.

தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் நின்று பேசிவிட்டு இன்னொருவரை விட்டுவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையை நிறைக்கும் கட்டுமான ஊழியருக்குக் குறைந்த நேர வேலை என்பது கனவிலும் இல்லை. கூடுதல் நேரம் கிடைக்காவிட்டால்தான் அவருக்குக் கவலை. ஊரில் வாங்கிய கடன் இருக்கிறது. வேலைநலனும் காம்கேரும் பற்றுச்சீட்டும் அவருக்கு இல்லை. ஆனால் 2024 முதல் அவருக்காக முதலாளி மாதம் 500 அல்லது 900 வெள்ளி லெவி கட்டுகிறார். அது அரசாங்கக் கணக்குக்குப் போகிறது. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பேசும்போது இந்த எண்ணையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

என் தீர்ப்பு இது. குறைத்துக்கொண்ட நேரத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் அரசை நம்புவது நியாயமா இல்லையா என்பது அமையும். பிள்ளை, முதியவர், நோய், தளர்ந்த உடம்பு ஆகியவற்றுக்காகக் குறைத்தவருக்குத் தயக்கமின்றிக் கொடுக்க வேண்டும். ஐந்நூறு வெள்ளிக் கோட்டின் விலக்கில் சிறு குழந்தைகளை வளர்ப்பவர்களைத் தெளிவாகச் சேர்க்கலாம். பராமரிப்புக்காக வேலையை விட்டவருக்கு வேலை தேடுவோர் ஆதரவைத் திறந்துவிடலாம். வாடகை வீடுகளில் வருமானத்துக்கேற்ப வாடகையைத் திடீரென்று அல்லாமல் படிப்படியாக ஏற்றலாம். பணிப்பெண் வைத்த வீட்டுக்கு ஆண்டுக்கு 2,880 வெள்ளியை விட்டுக்கொடுக்கும் அரசு, இதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது.