படத்தில் தெரியாத பனி

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளில் பனிமலைப் படங்களுக்குப் பஞ்சமில்லை. அச்சு நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால், பனிச்சறுக்குக்கு மலையைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் சுற்றுலா விளம்பரங்களும் இதே கண்ணோடு காஷ்மீரத்துக் குல்மார்க்கைப் பார்க்கலாமா? கம்பிவட ஊர்தி அபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம் வரை ஏற்றிவிடும். அங்கே மாவு போன்ற புதுப்பனி. தேர்ந்த வீரர்களுக்குச் சொர்க்கம் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. சரிவின் கோணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை!

பனிப்பாளம் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் பெயர்கிறது. வல்லவர்கள் விரும்பித் தேடுவதும் அச்சரிவுகளையே. அடியில் சர்க்கரை போல் உதிரும் படிகங்கள், மேலே காற்று இறுக்கிய பாளம். அதைப் பெயர்க்க ஒரு மனிதனின் எடை போதும். சிறு உராய்வுக்கும் அஞ்சி மருந்தைக் கையாளும் பட்டாசுத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குல்மார்க்கை அடுத்த கிலான்மார்க்கில் 2010 பிப்ரவரியில் இராணுவத்தினர் 17 பேர் புதையுண்டு மாண்டனர். 2023 பிப்ரவரியில் அபர்வாட்டில் சறுக்கச் சென்ற போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர். வெடி வைத்துப் பாளத்தை முன்கூட்டியே சரித்துவிடும் ஏற்பாடு எந்தச் சரிவுகளில் உண்டு என்பதை விளம்பரம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். குல்மார்க்கில் அது ஊர்தித் தடத்தை ஒட்டிய பகுதியோடு நின்றுவிடுகிறது.