எரேமியா 29:11 – முன்னிலைப் பன்மையும் 70 ஆண்டுகளும்

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11, தனிமனிதருக்கு விரைவில் வரவிருக்கும் நன்மையின் உறுதிமொழியாகவே வாசிக்கப்பெறுகிறது. இவ்வாசிப்பு சூழலோடு பொருந்துவதன்று. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட யூதா மக்களுக்கு எருசலேமிலிருந்து விடுக்கப்பட்ட மடலின் பகுதி இது. முந்தைய அதிகாரத்தில் அனனியா 2 ஆண்டுகளில் மீட்பு என்கிறான். எரேமியாவோ 70 ஆண்டுகள் என்கிறார். மடலைக் கேட்ட முதியோர் அம்மீட்பைக் கண்டிருக்க இயலாது. ஆகவே இவ்வசனத்தை உடனடிப் பலனுக்குச் சான்றாக்குவோர், எரேமியாவின் சொல்லைக் கொண்டு அனனியாவின் கருத்தையே உரைக்கின்றனர்.

இப்பிழைக்குத் தமிழ் வழக்கும் ஓரளவு இடந்தருகிறது. எபிரேய மூலத்தில் முன்னிலை பன்மையிலேயே உள்ளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அவ்வாறே. அதில் ஒருவரை விளிக்க ‘நீ’, உயர்வு கருதின் ‘நீர்’. ‘நீங்கள்’ பலர்க்கே உரியது. இன்றோ ‘நீங்கள்’ மரியாதை ஒருமையுமாகிவிட்டமையால், ஒரு சமூகத்தை நோக்கிய கூற்று தனியொருவர் செவியில் தமக்கென்றே ஒலிக்கிறது. (இலக்கண நூலார் கவனிக்கத்தக்க இடம் இது.)

மேலும், இவ்வசனத்தின் ‘சமாதானம்’ 7ஆம் வசனத்திலிருந்து தொடர்வது. அங்குத் தேடச் சொல்லப்படுவது பாபிலோன் நகரின் சமாதானம். சிறைப்பட்டோரின் நலம் சிறைப்படுத்திய நகரின் நலத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. 11ஆம் வசனத்தை மட்டும் பெயர்த்தெடுக்கும் வாசிப்பில் அந்நகர் மறைந்துவிடுகிறது.