பயத்தங்காயும் தக்காளியும்: பினாங்குப் பிரட்டலின் பக்குவம்

பினாங்குத் தமிழர் சமையலில் பிரட்டல் எனப்படுவது குழம்புக்கும் பொரியலுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பக்குவம். வெங்காயம், பூண்டு, மிளகாய், தக்காளி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கிச் சுண்டவைத்து, அந்த மசாலாவில் முக்கியப் பொருளைப் போட்டு, மசாலா அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் வரை கிளறி இறக்குவதே அதன் இலக்கணம். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் கோழிப் பிரட்டலுக்கும் இருக்கும் பேர் காய்கறிப் பிரட்டலுக்கு இல்லை. ஆயினும் ஒருவரின் கைப்பக்குவத்தை எடைபோட விரும்பும் ரசிகர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது தக்காளியில் பிரட்டிய பயத்தங்காயைத்தான். கொழுப்பும் எலும்பும் சமைப்பவரின் சிறு பிழைகளை மறைத்துவிடும். பயத்தங்காய் எதையும் மறைப்பதில்லை. மேலும், பயத்தங்காயும் தக்காளியும் ஒன்றுக்கொன்று எளிதில் இணங்குபவை அல்ல என்பதால், எதை எப்போது சட்டியில் சேர்ப்பது என்ற வரிசையில்தான் இந்தத் தொடுகறியின் கலை அடங்கியிருக்கிறது.

பயத்தங்காய் என்று மலேசியத் தமிழர் சொல்வது பீன்ஸை அன்று. மலாயில் காச்சாங் பாஞ்சாங் எனப்படும், அரை மீட்டர் வரையிலும் அதற்கு மேலும் நீளும் கொடிக்காயை. இது தட்டைப்பயறு அல்லது காராமணி எனப்படும் பயற்றின் ஒரு கிளைவகை. ஆப்பிரிக்காவில் முதலில் பயிராக்கப்பட்ட அந்தப் பயறு ஆசியாவுக்கு வந்தபின், முற்றிய மணிக்காக அல்லாமல் இளங்காய்க்காகவே வளர்க்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக நீண்டு இவ்வடிவம் பெற்றது. பீன்ஸோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு பேரினம். இந்த வேறுபாடு அடுப்பின் முன் பெரிதாகிறது. பீன்ஸ் தண்ணீரில் வெந்தாலும் தன் இனிப்பைக் காத்துக்கொள்ளும்; பயத்தங்காயின் உட்புறம் சற்றுக் கூடாகவும் இளகலாகவும் இருப்பதால், நேராக வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துச் சவசவத்துப் போகும். அதற்கு உகந்தது எண்ணெயின் சூடு. தண்ணீரைக் குடிக்கும் அதே இயல்பு, நன்கு சுண்டிய மசாலாவின் நடுவில் அதன் பெருங்குணமாக மாறிவிடுகிறது.

பினாங்கு சாலையிலுள்ள சௌராஸ்தா சந்தை போன்ற இடங்களில் இக்காய் கட்டுக் கட்டாகவே விற்கப்படுகிறது. வெளிர்பச்சை நிறத்தில் பருத்திருப்பது ஒரு வகை, கரும்பச்சை நிறத்தில் மெலிந்திருப்பது மற்றொன்று. முன்னது மென்மையானது, விரைவில் குழையும். பின்னது இறுக்கமானது, தக்காளியோடு வதங்கினாலும் உருக்குலையாது. எனவே பொரியலுக்கு எதை வாங்கினாலும் பிரட்டலுக்குக் கரும்பச்சைக் காயே சிறந்தது. காய் நெடுகிலும் மணிகள் புடைத்துத் தெரிந்தால் அது முற்றிவிட்டது என்றும், விரலில் சுற்றினால் வளைந்து, ஒடித்தால் நறுக்கென்று ஒடிவதே பிஞ்சு என்றும் கொள்ளலாம். பொரியலுக்கு அரை அங்குலமாகப் பொடிய நறுக்குவது வழக்கம். பிரட்டலுக்கு இரண்டு அங்குலம் வேண்டும். துண்டு சிறுத்தால் மசாலா காயை விழுங்கிவிடும். நீண்டால் நுனிவழியே நுழையும் சாறு நடுப்பகுதியை எட்டாது.

தக்காளியின் கதை வேறு. தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட இச்செடி, ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகவே ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் தமிழர் சமையலில் புளிப்புக்குப் புளியும் மாங்காயும் மோரும் இருந்தன. மலேசியாவின் வெப்பமான சமவெளியில் பயத்தங்காய் செழித்துக் காய்க்கும். தக்காளிக்கோ இரவுக் குளிர்ச்சி தேவைப்படுவதால், கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கும் மேலுள்ள கேமரன் மலைப்பகுதியே அந்நாட்டுத் தக்காளி விளைச்சலின் முதன்மை இடம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் நில அளவைக்குச் சென்றதால் பெயர் பெற்ற அந்த மேட்டு நிலத்திலிருந்து லாரியில் இறங்கி வரும் தக்காளியும், சமவெளித் தோட்டத்துப் பயத்தங்காயும் பினாங்கின் குவாலியில், அதாவது குழிந்த இருப்புச் சட்டியில், ஒன்றுசேர்கின்றன.

சேர்ந்தவுடன் பிணக்கு தொடங்குகிறது. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் சூட்டில் கரைவதால்தான் எந்தக் காயும் மென்மையாகிறது. புளிப்பான சூழலில் அந்தக் கரைதல் வெகுவாகத் தாமதப்படும். எனவே, பச்சைப் பயத்தங்காயைத் தக்காளிச் சாற்றில் நேராகக் கொட்டினால், கொதித்தும் அது நெடுநேரம் விறைத்தே நிற்கும். அதே புளிப்பு நிறத்தையும் கெடுக்கிறது: இலைப்பச்சையம் எனப்படும் பச்சை நிறமியின் நடுவிலுள்ள மக்னீசியம் அணுவை அமிலமும் வெப்பமும் சேர்ந்து வெளியேற்றிவிட, பசுமை மங்கிப் பாசிநிறம் ஏறுகிறது. ஆக, வேக வேண்டியது வேகாமலும் மங்கக்கூடாதது மங்கியும் போகிறது. ஆப்பச் சோடா சிட்டிகை சேர்த்தால் பச்சை நிலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காரத்தன்மை பெக்டினை அளவுக்கு மீறிக் கரைத்துக் காயைக் கூழாக்கிவிடும் என்பதால், தேர்ந்த சமையற்காரர் அந்தக் குறுக்குவழியை நாடுவதில்லை.

பினாங்கு வீடுகளில் கைப்பழக்கமாகவே வந்திருக்கும் தீர்வு, இரண்டையும் தனித்தனியே பாதி வழி கொண்டுசென்று கடைசியில் சேர்ப்பது. முதலில் நல்ல சூடான எண்ணெயில் காயை மட்டும் போட்டு, தோல் சுருங்கி ஆங்காங்கே கொப்புளம் கட்டும் வரை வதக்கி எடுத்துவைக்கின்றனர். இதனால் காயிலுள்ள தண்ணீர் வற்றுவதோடு, புளிப்பு தீண்டுமுன்பே அது முக்கால் பங்கு வெந்தும் விடுகிறது. பிறகு அதே எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தாளித்து, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதைப் பச்சை வாசம் போக வதக்குகின்றனர். அதன்பின் முந்நூறு கிராம் காய்க்கு இரண்டு பெரிய தக்காளி என்ற கணக்கில் நறுக்கிப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்க்கின்றனர். உப்பு தக்காளியின் நீரை இழுத்து வெளியே கொணர, அது கொதித்துக் குழைந்து, பின் மெல்ல மெல்ல இறுகி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுங்கத் தொடங்கும். மலாய்ச் சமையற்காரரும் பெச்சா மிஞ்ஞாக் என்று பெயரிட்டுக் காத்திருக்கும் கட்டம் இது. அதுவரை தண்ணீரோடு கலந்து பிடிபட்டிருந்த எண்ணெய், தண்ணீர் ஆவியானதும் விடுபடுகிறது என்பதே இதன் காரணம். அப்போதுதான் காய் திரும்பவும் சட்டிக்கு வரவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் அது அங்கே இருக்கத் தேவையில்லை.

அசைவ வீடுகளில் இதனோடு நெத்திலிக் கருவாடு சேர்வதுண்டு. கழுவி, உலர்த்தி, தனியே பொரித்து, இறக்கும் தறுவாயில் தூவினால் மட்டுமே அதன் மொறுமொறுப்பு நிற்கும். இச்சேர்க்கை வெறும் உப்புக்காக அன்று: தக்காளியில், குறிப்பாக விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியில், குளுட்டமேட் மிகுந்திருக்கிறது; உலர்ந்த மீனில் இனோசினேட் மிகுந்திருக்கிறது. நாவில் ஊறும் அடிச்சுவையைத் தரும் இவ்விரு பொருள்களும் தனித்தனியே தருவதைவிடச் சேர்ந்து பன்மடங்கு தருகின்றன. தக்காளியின் விதையை வழித்தெறிந்துவிட்டுச் சமைப்பவர், அறியாமலே சுவையின் பெரும்பங்கை எறிந்துவிடுகிறார்.

தைப்பூசக் காலத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியெங்கும் அமையும் தண்ணீர்ப் பந்தல்களில் சைவ உணவு பெருமளவில் சமைக்கப்படுகிறது. அத்தகைய பேரளவுச் சமையலில் இந்தத் தொடுகறி கடினமான சோதனையாகிறது. அண்டா நிறையக் காயும் மசாலாவும் இருக்கும்போது, அடுப்பை அணைத்த பின்னும் உள்ளிருக்கும் சூடு நெடுநேரம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆதலால் கைதேர்ந்தவர் காய் சற்றே விறைப்பாக இருக்கும்போதே இறக்கி, அகலமான தட்டுகளில் பரப்பிவிடுவார்.

பயத்தங்காயும் தக்காளியும் சந்திக்கும் மற்றொரு பாத்திரம், சோற்றோடு பல குழம்புகள் பரிமாறும் நாசி கண்டார் கடைகளிலும் நெய்ச்சோற்று விருந்துகளிலும் காணும் தால்சா. தமிழ் முஸ்லிம்கள் வழி பினாங்கில் வேரூன்றிய இக்குழம்பில் பருப்பு, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு இவையும் இடம்பெறுவதுண்டு. அங்கே காய் தன் விறைப்பை விட்டுக்கொடுத்துப் பருப்பின் கெட்டிமையில் கரைந்து நிற்பதே முறை. இதையே தனி நெறியாக வளர்த்தவர்கள் கிழக்கு மத்தியதரைக் கடற்கரை மக்கள். துருக்கியின் தாஸே ஃபசுல்யே, கிரேக்கத்தின் ஃபசொலாக்கியா, லெபனானின் லூபியே பி ஸெய்த் ஆகியவற்றில், பச்சைப் பீன்ஸைத் தக்காளியோடு ஆலிவ் எண்ணெயில் இளந்தீயில் நெடுநேரம் வேகவைத்து, பெரும்பாலும் ஆறியபின் பரிமாறுகின்றனர். பசுமையைக் காப்பது அவர்களின் நோக்கமே அன்று. புளிப்பு காட்டும் எதிர்ப்பைப் பொறுமையால் வென்று, காயையும் சாற்றையும் ஒரே சுவையாக்குவதே அவர்கள் இலக்கு. பினாங்குப் பிரட்டலோ இரண்டையும் இரண்டாகவே நிறுத்தி இணைக்கிறது.

ஆதலால் அதை மதிப்பிடும் ரசிகர் நிறத்தைக் கொண்டு மட்டும் தீர்ப்பு வழங்கலாகாது. சற்று மங்கிய பச்சை இங்கே குற்றமன்று. காயின் தோல் சுருங்கியிருக்க, உட்புறம் நறுக்கென்று கடிபட வேண்டும். துண்டை எடுத்தால் மசாலா காயோடு வரவேண்டுமேயன்றி, இலையில் நீர் படரக்கூடாது. தக்காளித் தோல் சுருளாகத் தனித்துக் கிடந்தால் மசாலா வதங்கப் பொறுமை போதவில்லை என்றும், காய் வாயில் நார்போல் அரைபட்டால் அது முன்கூட்டியே புளிப்பில் விழுந்துவிட்டது என்றும் அறியலாம். குழம்பூற்றிய சோற்றுக்கு உறைப்பான துணையாகவும், தயிர்ச்சோற்றுக்கு ஏறக்குறைய ஊறுகாயாகவும் ஒரே தொடுகறி பயன்படுவது இந்தப் பக்குவத்தின் தனிச்சிறப்பு. மறுநாள் மிஞ்சியதைச் சூடாக்கினால் காய் முழுதும் சாறேறி, பசுமை போய், சுவை ஆழ்ந்திருக்கும். அதையே விரும்புவோரும் பலர் உண்டு. ஆனால் அது நேரம் செய்த வேலை. சமைத்தவரின் திறமையைச் சோதிக்க விரும்புபவர் சட்டி இறங்கிய சூட்டிலேயே ஒரு துண்டைக் கடித்துப் பார்க்க வேண்டும்.