கடலடி விரைவுப் பாதையும் புகையிரத விளையாட்டும்

ஒன்றைப் போலச் செய்து காட்டும் கலை எதுவாயினும், அஃது எதனைக் காட்டுகின்றது, எதனை விடுகின்றது என்னும் இரு வினாக்களால் மதிப்பிடப்படல் வேண்டும். நாடகத்துக்குப் பொருந்தும் இவ்வளவுகோல் இக்காலத்துக் கணினி விளையாட்டுகளுக்கும் பொருந்துவதேயாம். அவற்றுள் புகையிரதம் ஓட்டும் விளையாட்டு தனி வகையினது. அதில் பகைவர் இலர்; போர் இல்லை. உலகில் உள்ளதொரு பாதையை உள்ளவாறே அமைத்து, விளையாடுவோனைச் சாரதியின் இருக்கையில் அமர்த்துவதே அதன் நோக்கம். அத்தகைய விளையாட்டுக்குக் கடலின் அடியாகச் செல்லும் விரைவுப் புகையிரதப் பாதை ஏற்றதாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்விளையாட்டுகளில் இரு நெறிகளைக் காணலாம். 1996ஆம் ஆண்டு யப்பானில் தைற்றோ நிறுவனம் வெளியிட்ட 'டென்ஷா டி கோ' சாரதியின் தொழிலையே பொருளாகக் கொண்டது. குறித்த நேரத்தில் வந்து, குறித்த இடத்தில் வண்டியை நிறுத்துவதே அதில் வெற்றி. 2001ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் 'ட்ரெயின் சிமுலேற்றர்', இங்கிலாந்தின் செற்றில்–கார்லைல் போன்ற மலைப்பாங்கான பாதைகளைத் தந்து, காட்சிக்கும் சிறப்பிடம் அளித்தது. முன்னதைத் தொழில்நெறி என்றும், பின்னதைக் காட்சிநெறி என்றும் வழங்கலாம்.

காட்சிநெறியை விரும்புவோர் கடலடிப் பாதையை ஏலார். அவர் கூறும் தடை வலியுடையதே. இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்து 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதில் ஏறத்தாழ 38 கிலோமீற்றர் கடலின் கீழ் அமைந்துள்ளது. விரைவு வண்டி அதனைக் கடக்க ஏறத்தாழ 20 நிமிடம் செல்லும். அவ்வளவு நேரமும் தெரிவன விளக்கொளி படும் சுவரும் தண்டவாளமுமே. கடலின் கீழ்ச் செல்கின்றோம் என்பது அறிவால் உணரப்படுவதன்றிக் கண்ணாற் காணப்படுவதன்று.

இனி, வேகமும் அங்கே முழுமையாக வாய்ப்பதில்லை. வெளியே மணிக்கு 300 கிலோமீற்றர் வரை விரையும் வண்டி, சுரங்கத்துள் 160 கிலோமீற்றருக்கு மேற் செல்வதில்லை. மோட்டார் வாகனங்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அதே பாதையைப் பயன்படுத்துகின்றன. யப்பானில் 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 53.85 கிலோமீற்றர் நீளமான செய்க்கான் சுரங்கத்தின் நிலையும் இதுவே. 2016ஆம் ஆண்டு ஷின்கான்சென் வண்டிகள் அதனுள் ஓடத் தொடங்கியபோது, எதிர்வரும் சரக்கு வண்டிகளைக் காற்றழுத்தம் தாக்கும் என்னும் அச்சத்தால் வேகம் 140 கிலோமீற்றராக வரையறுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அஃது 160 ஆயிற்று. சில விடுமுறைக் காலங்களில் மட்டுமே அதனினும் மிக்க வேகம் அனுமதிக்கப்படுகின்றது. ஆகவே 'கடலடி', 'விரைவு' என்னும் இரண்டு சொற்களும் தூண்டும் வியப்பைக் கண்ணுக்கு விருந்தாகத் தருதல் இயலாது.

எனினும் இவ்வளவில் முடிவு கூறுதல் பொருந்தாது. முதல், கரு, உரி என மூவகைப் பொருளை வகுத்த நம் இலக்கணமரபு, அவற்றுள் உரிப்பொருளையே சிறந்ததாகக் கொண்டது. நிலமும் பொழுதும் வெளிப்படக் கூறப்படாத அகப்பாட்டும் உரிப்பொருளால் நிலைபெறும். புகையிரத விளையாட்டின் உரிப்பொருள் சாரதியின் ஒழுக்கமேயன்றி நிலக்காட்சியன்று. அவ்வொழுக்கம் இருளில் மறைந்துவிடுகின்றதா என்பதே கேட்கத்தக்க வினா.

மறைவதில்லை என்பதே எம் விடை. இப்பாதைகளிற் செல்லும் விரைவு வண்டியின் சாரதி வெட்டவெளியிலும் வழியோர விளக்குகளை நம்பி ஓட்டுவதில்லை; செல்லத்தக்க வேகம் அவர் முன்னுள்ள பலகையிலேயே காட்டப்படும். 300 கிலோமீற்றர் வேகத்தை உரிய காலத்தே 160 ஆகக் குறைத்தல், ஏறத்தாழ 90 மீற்றருக்கு 1 மீற்றர் வரை அமைந்த சரிவில் இறங்குங்கால் அவ்வேகம் மிகாமற் காத்தல், ஏறுங்கால் அது குன்றாமற் பேணல் ஆகியன கைத்திறனையும் விழிப்பையும் வேண்டுவன. மாற்றமற்ற சுவரை நோக்கியவாறு விழிப்புக் குன்றாதிருத்தலே அத்தொழிலின் அருமை. அதனை விளையாடுவோன் சலிப்பு என்று உணர்வானாயின், சாரதியின் உழைப்பில் ஒரு கூற்றை அவன் அறிந்தவனாவான்.

அவ்விருள் வெறுமையானதுமன்று. 2009ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் தேதி இரவு, வட பிரான்சின் பனியூடாக வந்த 5 பயணிகள் வண்டிகள் கால்வாய்ச் சுரங்கத்துள் அடுத்தடுத்து நின்றன. உட்புகுந்திருந்த நுண்பனி சுரங்கத்தின் வெப்பத்தில் உருகி மின்கருவிகளைக் கெடுத்ததே காரணம். 2,000 பேருக்கு மேற்பட்டோர் பல மணி நேரம் இடருற்றனர். 1996ஆம் ஆண்டு நவம்பரில் சரக்கு வாகனங்களை ஏற்றிய வண்டியில் தீப்பற்றியபோது, இரு பாதைகளுக்கும் நடுவேயுள்ள பணிச்சுரங்கமே அதிலிருந்தோர் உயிர்பிழைக்க வழியாயிற்று. இத்தகைய நிகழ்ச்சிகளை அமைக்கவல்ல களத்தைக் காட்சியற்றது என்று தள்ளுதல் தகாது.

2021ஆம் ஆண்டு 'ட்ரெயின் சிம் வேர்ள்ட்' வரிசையில் வந்த இலண்டன்–பாவர்ஷம் பாதை இவ்வுண்மைக்கு அண்மையில் வந்தும் அதனைத் தொடவில்லை. தேம்ஸ் நதியின் அடியாக விளையாடுவோனை இட்டுச் சென்ற அது, பின்னர் ஆஷ்போர்ட் வரை நீட்டப்பட்டும் கடலடிக்குட் புகவில்லை. கண்ணுக்கினியதையே வாங்குவோர் விரும்புவர் என்னும் வணிகக் கணிப்பு இயல்பானதே. ஆயினும், உள்ளதை உள்ளவாறு காட்டுவதாகக் கூறும் கலை, காட்ட அரிய இடத்தில் நின்றுவிடுமாயின் அதன் கூற்று குறைவுடையதாகும்.

ஆதலின், கடலடிப் பாதை இவ்விளையாட்டுக்கு ஏற்றதே. ஆனால் இரு நிபந்தனைகள் உள. சுரங்கத்தை மட்டும் தனியே பிரித்துத் தருதல் கூடாது. இரு கரையிலும் உள்ள திறந்த வெளியோடு சேர்த்தே அமைத்தல் வேண்டும். இருளிற் செல்லும் 20 நிமிடத்தையும் சுருக்காது முழுமையாகத் தருதல் வேண்டும். அங்ஙனம் தந்தால், பிரான்சின் கரையில் வெளிச்சம் தோன்றி வேகம் மீண்டும் 300ஐ நோக்கி உயருங்கால் எழும் உவகை, விலைக்கு வாங்கிய காட்சியின்பமாகாது, உழைத்துப் பெற்ற பயனாகும்.