எலி சப்புக்கொட்டும் அழகு

எலியின் முகத்தில் பாவம் தேடுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் தேடியது அதைத்தான்.

கன்னத்தின் வழியே பொருத்திய மெல்லிய குழாயில் சர்க்கரைக் கரைசல் கொஞ்சம் இறங்குகிறது. எலி நாக்கை நீட்டி உதட்டை நக்குகிறது, பிறகு முன்னங்காலையும் விடுவதில்லை. கசப்பான குயினைன் இறங்கினாலோ வாயை அகலப் பிளந்து, தலையை உதறி, மோவாயைத் தரையில் தேய்க்கிறது. எல்லாம் நொடியில் நடந்துவிடும். ஆகவே வீடியோவை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நக்கலாக எண்ணுவார்கள். 1978இல் ஹார்வி கிரிலும் ரால்ஃப் நார்கிரெனும் வகுத்த முறை இது. கைக்குழந்தையின் முகமும் இனிப்புக்கும் கசப்புக்கும் ஏறத்தாழ இப்படித்தான் மாறும்.

பெரிட்ஜ் இந்த ஆய்வில் இறங்கியபோது, மூளை ரசாயனமான டோபமீன்தான் இன்பம் தருகிறது என்று பலரும் நம்பினார்கள். அதைச் சுரக்கும் நரம்புகளை அநேகமாக முழுக்க அழித்த எலிகள், எதிரே தீனி இருந்தும் தொடவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியாகவே செத்துப்போகும். அவற்றின் வாயிலும் சர்க்கரையை விட்டுப் பார்த்தார்கள். சப்புக்கொட்டுவதில் ஒரு குறையும் இல்லை! நாடிப் போகும் ஆசைதான் போயிற்று, ருசி அப்படியே இருந்தது. மரபணு மாற்றத்தால் டோபமீன் மிகுந்த சுண்டெலிகளோ இனிப்பை நோக்கி விரைந்து ஓடின. வாயில் விழுந்தபின் கூடுதலாக ரசிக்கவில்லை.

அப்படியானால் ருசி எங்கே? மூளையில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் பகுதிக்குள், ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் இடத்தில். அங்கே அபின் வகையான ஓபியாய்டு மருந்தைத் துளியளவு செலுத்தினால் நக்கல் பெருகுகிறது. அதே மருந்தைச் சற்றுத் தள்ளிச் செலுத்தினால் எலி அதிகம் தின்னும், ஆனால் அதிகம் ரசிக்காது. உடலே தயாரிக்கும் கஞ்சா வகைப் பொருளான ஆனந்தமைடும் இந்தப் பகுதியில் ருசியைக் கூட்டுகிறது. பெயரிலேயே ஆனந்தம்!

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் 2007இல் வந்தது. வென்ட்ரல் பாலிடம் என்னும் பகுதியிலும் இப்படியொரு ருசிப்புள்ளி உண்டு. இரண்டில் ஒன்றில் ஓபியாய்டைத் தடுத்தால், மற்றதில் எவ்வளவு தூண்டினாலும் ருசி ஏறுவதில்லை. தின்னும் வேகத்துக்கோ இந்தக் கூட்டுச் சம்மதம் வேண்டியதில்லை. அக்கம்பென்ஸைத் தூண்டினாலே போதும், எலி தின்றுகொண்டிருக்கும்.

டோபமீனை இன்னும் ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுகிறவர்கள் இந்த எலிகளின் வீடியோவை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம்.